காணாமற்போன தோட்டம்: அபத்த நகைச்சுவை வழி மெய்யியல் பயில்தல்

முன்னுரை

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டையும் வரிசைப்படுத்தும்போது நகையை முதலில் வைக்கிறார். அந்நகை பிறக்கும் களங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு. எள்ளல் பிறரை இகழ்ந்து சிரிப்பது. இளமை குழந்தைத்தனத்தில் பிறப்பது. பேதைமை என்றால் அறியாமை. மடன் என்பதற்கு உரைகாரர்கள் தரும் விளக்கம் சுவையானது: ஒருவர் சொல்லிக் கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டு, எது வந்தாலும் விடாமல் இருப்பது.

இக்கட்டுரை அந்தக் கடைசி இரண்டு களங்களைப் பற்றியது. பேதையைப் போல் ஒருவன் கேள்வி கேட்கிறான். மடனில் ஊறிய இன்னொருவன் பிடித்த பிடியை விடாமல் பதில் சொல்கிறான். இருவரையும் ஒரு மேசைக்கு இருபுறம் நிறுத்தினால் ஐந்து நிமிடத்தில் ஒரு நகைச்சுவைத் துணுக்குக் காட்சி கிடைத்துவிடும். அதே ஐந்து நிமிடத்தில் 'இருத்தல் என்றால் என்ன? ஒன்று வேறொன்றாக மாறிய பிறகும் அதுவேதானா? எதை ஆதாரம் என்று ஏற்பது?' என்ற மெய்யியல் வினாக்களும் வந்து நின்றுவிடுகின்றன. மெய்யியலாளர் விட்கென்ஸ்டைன், நகைச்சுவைத் துணுக்குகளை மட்டுமே கொண்டு ஒரு நல்ல மெய்யியல் நூலை எழுதிவிட முடியும் என்று கருதியதாக அவருடைய மாணவர் நார்மன் மால்கம் தம் நினைவு நூலில் பதிவு செய்திருக்கிறார். அப்படியொரு நூலின் சில பக்கங்களை நம் தமிழ்ச் சூழலிலிருந்தே எழுத முடியுமா என்று பார்ப்போம்.

ஒரு ரூபாய், இரண்டு பழம்

1989-இல் கங்கை அமரன் இயக்கத்தில் வெளிவந்த 'கரகாட்டக்காரன்' படத்தின் வாழைப்பழக் காட்சியை அறியாத தமிழர் இருக்க முடியாது. ஒரு ரூபாய்க்கு இரண்டு பழம் வாங்கி வரச் சொல்லிச் செந்திலை அனுப்புகிறார் கவுண்டமணி. செந்தில் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றைக் கொண்டு வருகிறார். இன்னொன்று எங்கே என்று கேட்டால், அதுதான் இது என்கிறார். எத்தனை முறை கேட்டாலும் அதே பதில்தான்.

நாம் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கொஞ்சம் நின்று யோசித்தால், செந்திலின் பதிலில் எங்கே பிழை என்று சொல்வது அவ்வளவு எளிதாக இல்லை. 'இன்னொன்று' என்பது எந்தப் பழத்தின் பெயரும் இல்லை. ஒன்றைச் சுட்டிய பிறகே மற்றது இன்னொன்றாகிறது. தின்ற பழத்தை முதலாவதாக வைத்துக்கொண்டால் கையிலிருக்கும் பழமே இன்னொன்று. அந்தக் கணக்கில் செந்தில் பொய் சொல்லவில்லை! ஜெர்மானியக் கணித மெய்யியலாளர் ஃபிரேகே 1884-இல் எழுதிய எண்கணித அடிப்படைகள் பற்றிய நூலில், எண் என்பது பொருளின்மேல் ஒட்டியிருக்கும் பண்பன்று, நாம் பொருளை எந்தக் கருத்தின்கீழ் வைத்து எண்ணுகிறோம் என்பதைச் சார்ந்தது என்று வாதிட்டார். கவுண்டமணி எண்ணுவது வாங்கிய பழங்களை. செந்தில் எண்ணுவது கையில் மீந்த பழத்தை. இருவர் கருத்தும் வேறு. ஆதலால் கணக்கும் வேறு.

'அதுதான் இது' என்ற வாக்கியத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அதே ஃபிரேகே 1892-இல் விடிவெள்ளியையும் அந்திவெள்ளியையும் எடுத்துக்காட்டினார். இரண்டும் ஒரே கோள்தான். ஆனாலும் 'விடிவெள்ளிதான் அந்திவெள்ளி' என்பது நமக்கு ஒரு செய்தி. 'விடிவெள்ளிதான் விடிவெள்ளி' என்பதில் செய்தி இல்லை. அது ஏன்? பெயர் சுட்டும் பொருள் ஒன்றாக இருந்தாலும், அது காட்டும் முகம் வேறு என்றார் அவர். அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் வேதாந்திகள் 'அந்தத் தேவதத்தன்தான் இவன்' என்ற வாக்கியத்தை வைத்து இதே சிக்கலை ஆராய்ந்தார்கள். அன்று அங்கே கண்டவனும் இன்று இங்கே நிற்பவனும் ஒருவன் என்றால் 'அன்று', 'இன்று' ஆகிய வேறுபாடுகளைக் கழித்துவிட்டு ஆளை மட்டும் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் தந்த விடை. செந்தில் செய்வதும் அதுவே. ஆனால் கழிக்கக்கூடாததை, அதாவது தின்ற பழத்தையே கழித்துவிடுகிறார்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஃபிரேகேயையும் வேதாந்தத்தையும் துணைக்கழைத்தாலும் கவுண்டமணிக்குச் சேர வேண்டிய பழம் வந்து சேராது. அவர் ஏமாற்றப்பட்டது உண்மை. காட்சி நமக்குக் கற்றுத் தருவது இதுதான்: ஒரு வாக்கியம் இலக்கணப்படியும் தருக்கப்படியும் ஒழுங்காக இருந்தும் அநியாயமாக இருக்க முடியும்.

காணாமற்போன கிணறு

2008-இல் வந்த 'கண்ணும் கண்ணும்' படத்தில் வடிவேலு காவல் நிலையத்துக்குப் போய்த் தம் கிணற்றைக் காணவில்லை என்று புகார் கொடுக்கிறார். கிணறு வெட்டியதற்கான ரசீது அவரிடம் இருக்கிறது. ரசீது இருப்பதால் கிணறு இருந்திருக்க வேண்டும். இப்போது அந்த இடத்தில் கிணறு இல்லை. ஆகவே யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள். முன்மொழிவுகளை ஒப்புக்கொண்டவர் முடிவையும் ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். காவல் அதிகாரி தடுமாறுவது இதனால்தான்.

இக்காட்சி ஊழலை எள்ளுகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்தது. அதன் அடியில் ஓர் அளவையியல் வினாவும் கிடக்கிறது. ஒரு பொருள் இருக்கிறது என்பதற்குக் காட்சி ஆதாரமா, ஆவணம் ஆதாரமா? இரண்டும் முரண்பட்டால் எதை நம்புவது? மணிமேகலையில் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை, வஞ்சி நகரில் அளவைவாதி என்னென்ன வழிகளில் அறிவு கிட்டும் என்று எண்ணிச் சொல்வதோடு தொடங்குகிறது. அதே காதையின் இறுதியில், கண்ணால் கண்டதைத் தவிர எதையும் ஏற்கமாட்டேன் என்ற பூதவாதியை மணிமேகலை ஒரே கேள்வியில் மடக்குகிறாள். உன்னைப் பெற்றவர்கள் இவர்கள்தாம் என்பதை அனுமானத்தால் அன்றி வேறு எப்படி அறிந்தாய் என்பது அவள் கேள்வி. நாம் பிறந்ததை நாமே கண்டதில்லை. யாரோ சொன்னார்கள்; ஒரு பத்திரத்தில் எழுதியிருக்கிறது; அதை நம்புகிறோம்.

இந்த இடத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சிரிப்பு கொஞ்சம் அடங்கிவிடும். வடிவேலுவின் கிணறு காகிதத்தில் மட்டும் இருந்தது, மண்ணில் இல்லை. நம் மூத்த தலைமுறையில் பலர் மண்ணில் இருந்தார்கள், காகிதத்தில் இல்லை. 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு பெற வேண்டியதாயிற்று. ஆண்டுக்கணக்கில் இந்த மண்ணில் பால்மரம் வெட்டியும், உரிய பத்திரம் கையில் இல்லாத பல்லாயிரம் தமிழர்கள் 1969-க்குப் பின் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். இன்றும் சிவப்பு அடையாள அட்டையோடு இருப்பவர்களையும், பிறப்புப் பத்திரமில்லாமல் பள்ளி வாசலில் நிற்கும் பிள்ளைகளையும் நாம் அறிவோம். எதிரே நிற்கும் ஆளைப் பார்த்து 'நீ இருக்கிறாய் என்பதற்கு என்ன ஆதாரம்?' என்று கேட்பது மேடையில் அபத்தம். சாளரத்துக்கு முன் வரிசையில் நிற்பவருக்கு அது வாழ்க்கை.

செத்த கிளியும் எரிந்த காமனும்

ஆங்கிலத்தில் இவ்வகைக் காட்சிகளுக்கு இலக்கணமாகக் கொள்ளப்படுவது 'மான்டி பைதான்' குழுவினரின் தொலைக்காட்சித் தொடர். பிபிசியில் 1969 முதல் 1974 வரை 45 பகுதிகள் ஒளியேறின. அறுவர் கொண்ட அக்குழுவில் ஐவர் கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்ட் மாணவர்கள். ஜான் கிளீஸ் படித்தது சட்டம். கிரகாம் சாப்மன் படித்தது மருத்துவம். மைக்கேல் பாலின் படித்தது வரலாறு. அவர்களுக்கு மேடை கொடுத்தவை மாணவர் நாடக மன்றங்கள். கேம்பிரிட்ஜின் 'ஃபுட்லைட்ஸ்' மன்றம் 1883-இல் தொடங்கப்பட்டது. பேரவை மேடையில் ஐந்து நிமிடம் கிடைத்தால் அதை எதற்குப் பயன்படுத்துவது என்று யோசிக்கும் நம் மாணவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

அத்தொடரின் செத்த கிளிக் காட்சி 1969 டிசம்பரில் ஒளியேறியது. சற்றுமுன் வாங்கிய கிளி செத்துப்போயிருக்கிறது என்று ஒருவர் கடைக்குத் திரும்பி வருகிறார். கடைக்காரர் ஒப்புக்கொள்வதாயில்லை. கிளி ஓய்வெடுக்கிறது என்கிறார். ஊர் ஏக்கத்தில் இருக்கிறது என்கிறார். வாடிக்கையாளர் எந்த ஆதாரத்தைக் காட்டினாலும் கடைக்காரரிடம் ஒரு புதுச் சமாதானம் உண்டு. தொல்காப்பியர் சொன்ன மடனுக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இதே அமைப்பில் 1950-இல் அந்தனி ஃபுளூ என்ற மெய்யியலாளர் ஒரு கதை சொன்னார். காட்டின் நடுவே பூச்செடிகள் நிற்கும் ஒரு வெட்டவெளியை இரு பயணிகள் காண்கிறார்கள். இதை ஒரு தோட்டக்காரன் பராமரிக்கிறான் என்கிறான் ஒருவன். இல்லை என்கிறான் மற்றவன். காவல் இருந்து பார்க்கிறார்கள், மின்வேலி போடுகிறார்கள், மோப்ப நாய்களை விடுகிறார்கள். யாரும் வரவில்லை. முதலாமவன் விடவில்லை: அவன் கண்ணுக்குத் தெரியாதவன், தொட முடியாதவன், ஓசையில்லாதவன் என்கிறான். அப்படியொரு தோட்டக்காரனுக்கும், தோட்டக்காரனே இல்லை என்பதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்கிறான் மற்றவன். எதனாலும் மறுக்க முடியாத கூற்று எதையாவது சொல்கிறதா என்பது ஃபுளூவின் வினா. அதே விவாதத்தில் ஹேர், மிட்சல் ஆகியோர் நம்பிக்கையின் பக்கம் நின்று வலுவான மறுமொழிகள் தந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இக்கட்டுரை முதலில் வெளிவந்தது ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு மாணவர் இதழில்! பின்னர் அக்காலத்தில் மிக அதிகமாக விவாதிக்கப்பட்ட மெய்யியல் கட்டுரைகளில் ஒன்றாயிற்று.

செத்ததா, சாகவில்லையா என்று மேடையில் வழக்காடுவது நமக்கும் புதிதன்று. தஞ்சை வட்டாரத்தில் காமன் பண்டிகையின்போது லாவணி பாடுவோர் இரு கட்சியாகப் பிரிந்து நிற்பார்கள். சிவன் நெற்றிக்கண்ணால் காமன் எரிந்தான் என்று பாடுவது எரிந்த கட்சி. எரியவில்லை என்று பாடுவது எரியாத கட்சி. இலங்கை மலையகத் தோட்டங்களுக்குச் சென்ற நம் மக்கள் காமன் கூத்தை அங்கே கொண்டு சென்று இன்றுவரை ஆடி வருகிறார்கள். கதையின் முடிவு இன்னும் நுட்பமானது. ரதியின் வேண்டுதலால் காமன் மீள்கிறான். ஆனால் அவள் கண்ணுக்கு மட்டுமே தெரிவான். உடல் எரிந்தது, ஆள் எரியவில்லை. ஆள் என்பது உடலா, உடலுக்கு வேறானதா என்ற கேள்வியை விடியவிடிய ஊரே கூடிச் சிரித்துக்கொண்டே விவாதித்திருக்கிறது. மெய்கண்டார் சிவஞானபோதத்தின் மூன்றாம் நூற்பாவில் இதே கேள்விக்கு விடை தேடுகிறார். எல்லாவற்றையும் 'இது நானில்லை, இது நானில்லை' என்று விலக்கிக்கொண்டு போகும்போது, அப்படி 'இல்லை' என்று சொல்கிற ஒன்று இருந்தாக வேண்டும் என்பது அவர் காட்டும் முதற் சான்று.

வாதம் விற்கும் கடை

மான்டி பைதானின் இன்னொரு காட்சி 1972-இல் வந்தது. ஒருவர் பணம் கட்டி ஐந்து நிமிட வாதம் வாங்க வருகிறார். உள்ளே இருப்பவர் எதைச் சொன்னாலும் இல்லை, இல்லை என்று மறுக்கிறார். இது வாதமே இல்லை, வெறும் மறுப்பு என்று வந்தவர் சண்டை பிடிக்கிறார். வாதத்துக்கும் மறுப்புக்கும் என்ன வேறுபாடு என்பதே அவர்களுடைய வாதப்பொருளாகிவிடுகிறது.

இதற்கான வரையறை நியாய நூலில் உள்ளது. உண்மையைக் காண இருவர் பேசுவது வாதம். எப்படியாவது வெல்லப் பேசுவது சற்பம். தனக்கென்று ஒரு நிலைப்பாடும் இல்லாமல் எதிரியின் பேச்சை உடைப்பதையே வேலையாகக் கொள்வது விதண்டை. நம் பாட்டிமார் 'விதண்டாவாதம் பண்ணாதே' என்று அதட்டும்போது கௌதமரின் நியாய சூத்திரத்திலிருந்து ஒரு கலைச்சொல்லை எடுத்தே அதட்டுகிறார்கள். நம் பட்டிமன்றங்களையும் மாணவர் சொற்போர்களையும் இந்த அளவுகோலால் அளந்து பார்த்தால் எத்தனை வாதம் தேறும், எத்தனை சற்பம் தேறும் என்பதை வாசகர்களே கணக்கிடலாம்.

கோலா சாவாவில் ஒரு காட்சி

இதுவரை கண்டவற்றை நம் ஊருக்குப் பொருத்திப் பார்ப்போம். நெகிரி செம்பிலானில் ரந்தாவ், கோலா சாவா வட்டாரம் தோட்டங்களால் அறியப்பட்டது. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் மேடை நாடகமும், அதில் ராஜாவையே கேள்வி கேட்கும் கோமாளியும் நாம் அறிந்தவை. தெருக்கூத்தின் கட்டியங்காரனுக்குத் தம்பி அந்தக் கோமாளி. அரசன் உலகத்துக்கும் பார்வையாளர் உலகத்துக்கும் நடுவே நின்று, இரண்டையும் நம்பாமல் பேசும் உரிமை அவனுக்கு உண்டு.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதி வந்தது. 1995-இல் கட்டத் தொடங்கிய புத்ராஜெயாவின் இடத்தில் முன்பு பிராங் பெசார் உள்ளிட்ட நான்கு தோட்டங்கள் இருந்தன என்பது பலருக்கும் நினைவிருக்கும். கோலா சாவாப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் அப்படித் தம் தோட்டத்தைத் தேடிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பின்வரும் காட்சி, பயிற்சிக்காக இக்கட்டுரைக்கென்று புனையப்பட்டது.

எழுத்தர்: என்ன காணோம்னு சொன்னீங்க, பெரியவரே?

பெரியவர்: தோட்டங்கய்யா.

எழுத்தர்: கடைசியா எப்பப் பாத்தீங்க?

பெரியவர்: நேத்து ராத்திரி. கண்ணை மூடினப்ப.

எழுத்தர்: (எழுதிக்கொண்டே) நேத்து... ராத்திரி. எவ்வளவு பெருசு இருக்கும்?

பெரியவர்: இருட்டோட நடக்க ஆரம்பிச்சா வெயில் ஏர்ற வரைக்கும் இருக்கும்.

எழுத்தர்: நிறம்?

பெரியவர்: விடியறதுக்கு முன்ன கறுப்பு. பால் வடியறப்ப வெள்ளை.

எழுத்தர்: (வரைபடத்தை விரித்து) இந்தா, நீங்க சொன்ன இடம் இங்கதான இருக்கு? இடம் எங்கயும் போகலையே.

பெரியவர்: இடத்தைக் காணோம்னு நான் சொல்லலைங்களே. தோட்டத்தைத்தான் காணோம்.

எழுத்தர்: அந்தத் தோட்டத்து ஆள்தான் நீங்கன்னு என்ன ஆதாரம்?

பெரியவர்: பிறப்புப் பத்திரம் இருக்குங்கய்யா. பொறந்த இடத்துல தோட்டத்துப் பேர்தான் போட்டிருக்கு.

எழுத்தர்: (பத்திரத்தையும் வரைபடத்தையும் மாறிமாறிப் பார்த்து) அப்படி ஓர் இடமே இல்லையே, பெரியவரே.

பெரியவர்: அப்ப நான் இன்னும் பொறக்கலைங்களா?

எழுத்தர்: பொறக்காதவங்க புகார் குடுக்க முடியாது. பொறந்துட்டு வாங்க. அடுத்த ஆள்!

காட்சி அவ்வளவுதான். இதில் இரண்டு வினாக்கள் இருக்கின்றன. முதலாவது, ஓர் இடம் எதனால் அந்த இடமாகிறது? கிரேக்கர்கள் தீசியஸின் கப்பலைப் பற்றிக் கேட்டார்கள்: ஒவ்வொரு பலகையாக மாற்றி எல்லாப் பலகையும் மாறிய பின் அது அதே கப்பலா? நம் தமிழ்ப்பள்ளிகளைப் பற்றியும் இப்படிக் கேட்கலாம். சீபீல்ட் தோட்டத் தமிழ்ப்பள்ளி இன்று சுபாங் ஜெயா நகர்ப்பகுதியில் இயங்குகிறது. பெயரில் 'தோட்டம்' அப்படியே இருக்கிறது. மரமில்லை, லயமில்லை, பெரட்டுக் களமில்லை. ஆனால் பள்ளி அதே பள்ளிதான் என்கிறோம். அப்படிச் சொல்ல நமக்கு உரிமையும் இருக்கிறது. பலகை மாறினாலும் பயணம் தொடர்ந்தால் கப்பல் அதே கப்பல்தான் என்பது ஒரு விடை. பெரியவரின் தோட்டத்துக்கு அந்தத் தொடர்ச்சி கிடைக்கவில்லை. அவருடைய நினைவு ஒன்றே மிச்சம். நினைவு ஓர் இடத்தைத் தாங்கிப் பிடிக்கப் போதுமா?

இரண்டாவது, எழுத்தர் கெட்டவரா? அவர் பெரியவரைத் திட்டவில்லை, ஒவ்வொரு கேள்வியையும் பணிவாகத்தான் கேட்கிறார். படிவத்தில் உள்ள கட்டங்களை நிரப்புகிறார். கட்டத்துக்குள் அடங்காதது அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு மனிதருக்கு நேரும் அநியாயம் சில நேரங்களில் யாருடைய கோபமும் இல்லாமலே நடந்துவிடுகிறது என்பதை நீண்ட சொற்பொழிவைவிட இக்காட்சி விரைவாக உணர்த்தும்.

எழுதுவோருக்குச் சில குறிப்புகள்

பேரவையின் நாடக இரவுக்கோ வகுப்புப் பயிற்சிக்கோ இத்தகைய காட்சி எழுத விரும்புவோர் கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, ஒரே ஓர் அபத்தம் போதும். தோட்டம் தொலைந்துபோகக்கூடிய பொருள் என்று வைத்துக்கொண்டால், மற்ற அனைத்தும் கறாரான தருக்கத்தோடு நடக்க வேண்டும். இரண்டாவது அபத்தம் நுழைந்தால் அது வெறும் குழப்பமாகிவிடும்.

இரண்டாவது, மேடையில் யாரும் சிரிக்கக்கூடாது. பாத்திரங்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. வடிவேலு தம் கிணற்றுக்காக உண்மையிலேயே கலங்குவதால்தான் நாம் சிரிக்கிறோம்.

மூன்றாவது, விடை சொல்லாதீர்கள். இறுதியில் ஒருவர் முன்னே வந்து, இதிலிருந்து நாம் அறிவது யாதெனில் என்று தொடங்கினால் காட்சி செத்துவிடும். பிறகு அது ஓய்வெடுக்கிறது என்று நாம்தான் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும்.

நான்காவது, எள்ளலை நம்பாதீர்கள். நிறம், உடல்வாகு, ஊனம், சாதி, தோட்டத்துப் பேச்சு ஆகியவற்றை வைத்துச் சிரிக்க வைப்பது எளிது; நம் திரைப்படங்கள் அதை மிகுதியாகச் செய்திருக்கின்றன. அத்தகைய சிரிப்பில் கேள்வி எதுவும் பிறப்பதில்லை; ஒருவர் தலைகுனிவதோடு முடிந்துவிடுகிறது. மேற்கண்ட காட்சியில் பெரியவரின் பேச்சைக் கேலிப்பொருளாக்கினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அவருடைய பதில்களே காட்சியில் மிகத் தெளிவான பதில்கள். சிரிப்பு அவர் பக்கமிருந்து படிவத்தை நோக்கிப் பாய வேண்டும்.

முடிவுரை

நகைச்சுவை எதையும் நிறுவுவதில்லை. செந்திலின் பதில் கேட்டு நாம் ஃபிரேகேயைக் கற்றுவிட மாட்டோம். செத்த கிளி இறைநம்பிக்கை பற்றிய வழக்கைத் தீர்த்து வைக்காது. அதற்கு நூல்களும் பொறுமையான வாதமும் வேண்டும். நகைச்சுவை செய்வது அதற்கு முந்தைய வேலை: வழக்கமாகிப் போனதால் நம் கண்ணில் படாத ஒன்றைப் பிடித்து, 'இது ஏன் இப்படி?' என்று கேட்க வைப்பது. பொருளின் தோற்றத்தைத் தாண்டி மெய்யைக் காண்பதே அறிவு என்று வள்ளுவர் இரண்டு அதிகாரங்களில் வலியுறுத்துகிறார். அந்தத் தாண்டலுக்குச் சிரிப்பு ஒரு படிக்கல்.

தோட்ட வாழ்வை எழுதும் நம் படைப்புகளில் கண்ணீர் நிறைய உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. கண்ணீரைக் கண்டு இரங்குபவர்கூடச் சில நேரம் கேள்வி கேட்க மறந்துவிடுகிறார். சிரித்தவரை அந்தக் கேள்வி வீடு வரை துரத்தும். பொறந்துட்டு வாங்க என்று அனுப்பப்பட்ட பெரியவர் எங்கே போவார், யாரிடம் போவார் என்று அடுத்த காட்சியை எழுத வேண்டியவர்கள் இவ்விதழைப் படிக்கும் மாணவர்கள்தாம்.